ஹால் வாசல்ல காத்திருக்கிற அப்பா அம்மாக்களுக்கும் கோச்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

ஞாயித்துக்கிழமை விடிகாலைல எழுந்து புளிசாதம் கிளறி டப்பால அடைச்சு, ஆறு மணி பஸ்ஸ பிடிச்சு, ஒரு கைல தண்ணி பாட்டில் இன்னொரு கைல பிள்ளையோட கைனு செஸ் டோர்னமெண்ட் நடக்கிற கல்யாண மண்டபத்துக்கோ ஸ்கூலுக்கோ வந்து சேர்ற உங்க எல்லாருக்கும்தான் இதை எழுதுறேன். நானும் உங்கள்ல ஒருத்தி. என் பையனுக்கு 10 வயசு, மூணு வருஷமா ஆடுறான். பேரிங், அதாவது யார் யார் கூட ஆடணும்ங்கிற லிஸ்ட், ஒட்டின உடனே கூட்டத்துல முண்டியடிச்சு போர்டு நம்பர் பார்க்கிறது, எதிர்ல உக்காரப்போற பிள்ளையோட ரேட்டிங்க, அதான் ஆட்டத் திறமைக்கு குடுக்கிற நம்பரை, பார்த்து வயித்துல புளிய கரைக்கிறது, கதவை சாத்தினதும் வெளிய தரைல பேப்பர் விரிச்சு உக்காந்து ரிசல்ட் பக்கத்தை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்றது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

போன வாரம் பார்த்த ஒரு விஷயம் மனசை விட்டு போகவே மாட்டேங்குது. அண்டர் 9 பொண்ணு ஒண்ணு ரவுண்டு முடிச்சு வெளிய வந்தா. கண்ணாடிக் கதவு வழியா நான் பார்த்துட்டுதான் இருந்தேன், தோத்துட்டா, ஆனா எதிர்ல இருந்த பையனுக்கு கை குடுத்தா, மூவ் எல்லாம் எழுதி வைக்கிற ஸ்கோர்ஷீட்ல கையெழுத்து போட்டா, காயெல்லாம் எடுத்து ஒழுங்கா அடுக்கினா, நல்லாத்தான் நடந்து வந்தா. கதவை திறந்து வெளிய வந்து கூட்டத்துல அவங்க அப்பா முகத்தை தேடி கண்டுபிடிச்சு பார்த்த அந்த செகண்டுலதான் அழ ஆரம்பிச்சா. உள்ள அவ அழவே இல்லீங்க. அவ அழுதது கேமுக்காக இல்ல, வெளிய காத்துட்டு இருந்த முகத்துக்காக.

அந்த அப்பாவை நான் குறை சொல்ல வரல. அந்த முகம் எனக்கும் இருந்துது. அதையும் கீழ சொல்றேன்.

நம்ம ஏரியால ஒரு வார்த்தை ரொம்ப ஓடுது, "வெறி". "பையனுக்கு டேலண்ட் இருக்கு மேடம், வெறி பத்தல"னு என்கிட்டயே ஒரு கோச் சொல்லியிருக்கார். வெறின்னா என்ன சார்னு கேட்டா, தோத்தா தூக்கம் வரக்கூடாது, எதிராளிய பார்த்தா கடிச்சு துப்பணும்னு தோணணும், சாம்பியன்லாம் அப்படித்தான்னு சொன்னார். அதை கேட்டுட்டு வந்து நானும் கொஞ்ச நாள் வீட்ல அந்த வெறிய ஊட்டிவிட பார்த்தேன். அது எங்க கொண்டுபோய் விட்டுதுன்னா, பையன் டோர்னமெண்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பிடுறதையே நிறுத்திட்டான்.

அப்புறம்தான் நிஜமாவே சாம்பியன் ஆனவங்க எப்படி இருந்தாங்க, எப்படி இருக்காங்கன்னு உக்காந்து படிக்க, பார்க்க ஆரம்பிச்சேன்.

ஒரே ஒரு குணம்தான் சாம்பியன் குணம்ங்கிறதே கிடையாது. 1995ல நியூயார்க்ல, வேர்ல்டு ட்ரேட் சென்டர் கட்டடத்துல 107வது மாடில நம்ம விஸ்வநாதன் ஆனந்தும் அப்போதைய சாம்பியன் ரஷ்யாக்காரர் காஸ்பரோவும் உலக சாம்பியன்ஷிப் ஆடினாங்க. மொத 8 கேம் டிரா. 9வது கேம்ல ஆனந்த் ஜெயிச்சார். 10வது கேம்ல காஸ்பரோவ் வீட்ல தயார் பண்ணிட்டு வந்த ஓபனிங்க, அதாவது ஆட்டத்தோட ஆரம்ப மூவ்களை, இறக்கிட்டு, ஆனந்த் யோசிச்சுட்டு இருக்கும்போதே எழுந்து போய் எழுந்து போய் கதவை படார் படார்னு சாத்தினார். அந்த கேம் காஸ்பரோவுக்கு போச்சு, கடைசில மேட்ச்சும் 10.5-7.5னு போச்சு. அன்னிக்கு இருந்த பேச்சு என்னன்னா ஆனந்த் ரொம்ப நல்ல மனுஷன், அவர்கிட்ட அந்த ‘கில்லர்’ குணம் இல்ல, அதனால உச்சிக்கு போக மாட்டார்ங்கிறது. அதே மனுஷன்தான் 2000ல டெஹ்ரான்ல சாம்பியன் ஆனார், 2007ல மெக்ஸிகோல திரும்ப வாங்கினார், 2008ல கிராம்னிக், 2010ல டோபலோவ், 2012ல கெல்ஃபாண்டுனு ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்தவங்களை எல்லாம் ஜெயிச்சு பட்டத்தை விடாம வச்சிருந்தார். ஒரு கதவையும் அவர் சாத்தல.

அதுக்காக கோபப்படுறவன் சாம்பியன் இல்லைன்னும் சொல்ல முடியாது. காஸ்பரோவ் காஸ்பரோவ்தான். 2025 ஜூன்ல நார்வேல, ஸ்டாவாங்கர்ல, முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் ஜெயிக்க வேண்டிய கேமை, 2024ல உலக சாம்பியன் ஆன நம்ம குகேஷ்கிட்ட விட்டுட்டு டேபிளை ஓங்கி குத்தின வீடியோவ நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க, காயெல்லாம் எகிறி விழுந்துச்சு. அதுக்கு அப்புறம் குகேஷ் என்ன சொன்னான் தெரியுமா, நானும் என் கேரியர்ல நிறைய டேபிளை குத்தியிருக்கேன்னு சொன்னான். (சின்ன வயசுலயே பெரிய சாதனை பண்ணின பிள்ளை, ஆனாலும் நம்ம வீட்டுப் பையன் மாதிரியே நெனச்சு ‘ன்’ போட்டே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.) அதை கேட்டப்போ எனக்கு மனசுக்கு அவ்ளோ ஆறுதலா இருந்துச்சு. அவ்ளோ அமைதியா உக்காந்திருக்கிற பையனுக்குள்ளயும் அதே வலிதான். வலியே இல்லாத சாம்பியன் யாரும் இல்ல, நம்ம எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் ஜாஸ்தி வலிக்கும்னு நெனக்கிறேன்.

அப்போ வித்தியாசம் எங்கதான் இருக்கு? நான் குகேஷோட கதைய மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா அவன் நம்ம சென்னைல இதே மாதிரி மண்டபங்கள்ல ஆடி வளர்ந்தவன், அவங்க அப்பாவும் நம்மள மாதிரியே வாசல்ல நின்னவர்.

2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட், அதான் நாடுகள் டீமா ஆடுற போட்டி, நடந்தப்போ அவனுக்கு 16 வயசு. மொத 8 கேமையும் ஜெயிச்சான், 8க்கு 8, உலகமே வாய பிளந்து பார்த்துச்சு. 10வது ரவுண்டுல உஸ்பெகிஸ்தான். அவங்க டாப் பிளேயர் அப்துசத்தோரோவ் கூட ஆடுறான், ஜெயிக்கிற பொசிஷன், அவன் ஜெயிச்சா டீமுக்கு தங்கம் கிட்டத்தட்ட கைல. டைம் ட்ரபுள்ல, கடிகாரத்துல நேரம் தீரப்போற நெருக்கடில, விட்டுட்டான். டிராவும் இல்ல, தோத்தே போய்ட்டான். உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கிட்டு போனாங்க, குகேஷ் ஆடின நம்ம ‘பி’ டீமுக்கு வெண்கலம். போர்டு முன்னாடி ரெண்டு கையாலயும் முகத்தை மூடிட்டு அந்தப் பையன் உக்காந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணுலயே நிக்குது. முதல் போர்டுல தனி ஆளா தங்கம் வாங்கினான்தான், ஆனா அது அந்த நேரத்துல என்ன ஆறுதல் குடுத்திருக்கும்.

ரெண்டு வருஷம் கழிச்சு 2024 ஏப்ரல்ல டொரண்டோல கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியனோட மோதப்போறது யாருன்னு முடிவு பண்ற டோர்னமெண்ட். 7வது ரவுண்டுல பிரான்ஸ் பிளேயர் ஃபிரூஜாகிட்ட தோத்தான், அதுவும் நல்ல பொசிஷன்ல இருந்து. 17 வயசு, வீட்டை விட்டு அவ்ளோ தூரத்துல, வாழ்க்கைல அதுவரைக்கும் ஆடினதுலயே பெரிய டோர்னமெண்ட். அதை ஜெயிச்சு முடிச்ச பிறகு, எந்த இடத்துல இது நம்மளோடதுன்னு தோணுச்சுன்னு அவன்கிட்ட கேட்டாங்க. அவன் சொன்ன பதில் நம்ம வெறி கோச்களுக்கெல்லாம் போய் சேரணும். ஏதோ ஒரு வெற்றியை அவன் சொல்லல. அந்த 7வது ரவுண்டு தோல்விக்கு அப்புறம்தான் இது நடக்கும்னு ஒரு தெளிவு வந்துச்சுன்னு சொன்னான். 8வது ரவுண்டுல நம்ம இந்திய பிளேயர் விதித்தை ஜெயிச்சான். 13வது ரவுண்டுல அதே ஃபிரூஜாவை ஜெயிச்சான்.

நான் இதை பல நாள் யோசிச்சேன். ஒரு தோல்வி எப்படி ஒருத்தனுக்கு தெளிவை குடுக்கும்? அந்தத் தோல்வி முழுசா அவனோடதா இருந்தா மட்டும்தான் குடுக்கும். அதை வச்சு யாருக்கும் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லாம இருந்தாத்தான், யார் முகத்தையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லாம இருந்தாத்தான், அந்த வலிய கைல எடுத்து திருப்பி திருப்பி பார்த்து இதுல என்ன இருக்குன்னு தேட முடியும். நம்ம பிள்ளைங்களுக்கு அந்த நேரமே கிடைக்கிறதில்லீங்க. கதவை திறந்து வெளிய வந்த மறு செகண்டு அந்தத் தோல்விய நாம புடுங்கிக்கிறோம். "எப்படிடா விட்ட?" "அந்த மூவ் எதுக்கு ஆடின?" "எவ்ளோ ரேட்டிங் போச்சு தெரியுமா?" அதுக்கப்புறம் அது அவன் தோல்வி இல்ல, நம்ம தோல்வி. அவனுக்கு மிச்சம் இருக்கிறது குத்த உணர்ச்சி மட்டும்தான், அதை வச்சுக்கிட்டு ஒரு எண்ட்கேம் கூட கத்துக்க முடியாது.

என் கதை இதான். ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு டோர்னமெண்ட், 4வது ரவுண்டு. என் பையன் ரூக்குங்கிற பெரிய காய் ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சுட்டு ஸ்டேல்மேட் பண்ணிட்டான், அதாவது எதிராளிக்கு செக்கும் இல்லாம ஆட ஒரு மூவும் இல்லாம பண்ணி டிரா ஆக்கிட்டான். அரை பாயிண்ட் போச்சு. வெளிய வந்தவன்கிட்ட இருந்து ஸ்கோர்ஷீட்டை வாங்கி, அங்கயே நின்னு ஃபோன்ல மூவ் எல்லாம் போட்டு என்ஜின்ல, அதான் யார் எவ்ளோ முன்னாலன்னு நம்பரா சொல்ற செஸ் சாஃப்ட்வேர்ல, காட்டி, பாரு, உனக்கு +9 இருந்திருக்குடா, +9 வச்சுட்டு ஒருத்தன் டிரா பண்ணுவானான்னு நாலு பேர் பார்க்க கேட்டேன். அவன் தலைய குனிஞ்சுட்டு "ஸாரிம்மா"ன்னான். அப்போ அது எனக்கு ஒண்ணும் தோணல, தப்பு பண்ணினான் ஸாரி கேட்டான் அவ்ளோதான்னு விட்டுட்டேன். அடுத்த ரவுண்டு 12 மூவ்ல டிரா கேட்டு வாங்கிட்டு வந்துட்டான். அதுக்கடுத்த ரவுண்டும் அதே மாதிரி. சாயங்காலம் பஸ்ல வரும்போது ஏன் கண்ணா டிரா கேட்டன்னு கேட்டதுக்கு, "டிரான்னா நீ திட்ட மாட்டல்ல"ன்னு ஜன்னல் பக்கம் பார்த்துட்டே சொன்னான்.

என் பிள்ளை எதிர்ல இருந்த பையன் கூட ஆடவே இல்ல, என் கூட ஆடிட்டு இருந்திருக்கான். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. என்கிட்ட எதுக்கு அவன் ஸாரி கேக்கணும்? எனக்கு அவன் என்ன கடன்பட்டிருக்கான்?

இப்போ இதை சிங்கப்பூர் மேட்ச் பக்கத்துல வச்சு பாருங்க. 2024 நவம்பர் டிசம்பர்ல, அப்போதைய உலக சாம்பியன் சீனாக்காரர் டிங் லிரென் கூட உலக சாம்பியன்ஷிப், 14 கேம். குகேஷ் மொத கேமே தோத்தான், வாழ்க்கைல மொத உலக சாம்பியன்ஷிப், மொத கேம், தோல்வி. 3வதுல ஜெயிச்சு சமன் பண்ணினான். 6வது கேம்ல கருப்பு காய், கொஞ்சம் மோசமான பொசிஷன்தான், மூவை ரிப்பீட் பண்ணி பேசாம டிரா வாங்கிட்டு போயிருக்கலாம். பண்ணல, விலகி வேற மூவ் ஆடி ஆட்டத்தை நீட்டினான். 11வதுல ஜெயிச்சு முன்னால போனான், மறுநாளே 12வதுல மோசமா தோத்தான். 13 முடிஞ்சப்போ 6.5-6.5. கடைசி கேம்ல டிரா ஆகப்போகுதுன்னுதான் கிட்டத்தட்ட எல்லாரும் நெனச்சாங்க, டிரா ஆனா டைபிரேக், வேக ஆட்டங்கள்ல முடிவு. குகேஷ்கிட்ட ஒரே ஒரு பான், சிப்பாய்தான் எக்ஸ்ட்ரா. அதை வச்சுட்டு அவன் மெதுவா, அவசரமே இல்லாம, ஒண்ணுமில்லாத பொசிஷன்ல அழுத்திட்டே இருந்தான். 55வது மூவ்ல டிங் ரூக்கை தப்பான இடத்துக்கு கொண்டுபோனார். குகேஷுக்கு முகத்துல வர்ற சிரிப்பை அடக்கவே முடியல. டிங் ரிசைன் பண்ணினதும் அழுதான், கண்ணை துடைச்சான், அழுதுட்டே அந்த போர்டுல காயெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து ஆரம்ப இடத்துல அடுக்கினான். 18 வயசுல உலக சாம்பியன் ஆன பையன் மொதல்ல பண்ணின வேலை அது.

தோல்விக்கு பயந்தவன் அப்படி அழுத்த மாட்டான். டிராவுக்குள்ள ஒளிஞ்சுக்குவான், என் பிள்ளை ஒளிஞ்ச மாதிரி. வெறின்னு எதையாவது சொல்லணும்னா நான் அதைத்தான் சொல்லுவேன், ஒண்ணுமில்லாத பொசிஷன்ல இன்னும் ஏதாவது இருக்கான்னு விடாம தேடுற அந்த ஆசை. அது கோபத்துல இருந்து வராது. தோத்தாலும் வீடு அதே வீடா இருக்கும்னு தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் அது வரும்.

குகேஷ் வீடு எப்படின்னு நான் உள்ள போய் பார்க்கல, பொதுவுல அவங்களே சொன்னதைத்தான் சொல்றேன். அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர், பையன் கூட ஊர் ஊரா போறதுக்காக பிராக்டிஸை விட்டவர், அம்மா மைக்ரோபயாலஜிஸ்ட், அவங்க சம்பளத்துல வீடு ஓடியிருக்கு, ஸ்பான்சர் இல்லாத காலத்துல நண்பர்கள் உதவியிருக்காங்க. அதனால பணம் போகுது, லீவு போகுது, அந்த டென்ஷன்தான் பிள்ளை மேல வருதுன்னு நாம சொல்ற காரணம் அவங்களுக்கு நம்மள விட அதிகமாவே இருந்திருக்கு. சிங்கப்பூர்ல கடைசி கேம் நடக்கும்போது அந்த அப்பா ஹாலுக்கு வெளிய ஃபோனை வச்சுட்டு தவிச்சு தவிச்சு நடந்துட்டு இருந்த வீடியோ பார்த்திருப்பீங்க. அப்படியே நாமதான். தவிக்கிறது தப்பே இல்லீங்க, பெத்தவங்க தவிக்காம யார் தவிப்பா. அவங்க அம்மா அவன்கிட்ட சொல்றதா அவனே ஒரு தடவை சொன்னது, நீ பெரிய செஸ் பிளேயர்னு யாராவது சொன்னா சந்தோஷம், நீ நல்ல மனுஷன்னு சொன்னா அதை விட சந்தோஷம்னு. ஜெயிச்ச அன்னிக்கு அவன் டிங்கை பத்தி எவ்ளோ மரியாதையா பேசினான், அவர் நிஜமான சாம்பியன் மாதிரி போராடினார்னு சொன்னான். டிங்கும் மனசுல எவ்ளோ கஷ்டத்தை தாண்டி வந்தவர், அன்னிக்கு தோத்துட்டு, வருத்தம் ஒண்ணும் இல்ல, முடிவு நியாயம்தான்னு சொல்லிட்டு போனார். ரெண்டு பேர் ஆடினதுல தோத்தவர் கூட சின்னதா போகாத மேட்ச் அது.

கோச்களுக்கு தனியா ஒண்ணு. என்ஜினை பத்தி. குகேஷோட கோச் விஷ்ணு பிரசன்னா அவன் கிராண்ட்மாஸ்டர் ஆகுற வரைக்கும் என்ஜின் பக்கமே விடலைன்னு படிச்சிருக்கேன், அந்தப் பையனும் 12 வயசுல கிராண்ட்மாஸ்டர் ஆகிட்டான். எல்லாருக்கும் அது சரிப்படுமான்னு சொல்ற அளவுக்கு எனக்கு செஸ் அறிவு இல்ல. ஆனா கேம் முடிஞ்சு வர்ற பிள்ளைகிட்ட நீங்க மொதல்ல நம்பரை காட்டாதீங்க சார். +9ங்கிற நம்பருக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? நீ அப்போ என்ன நெனச்ச, எதுக்கு பயந்தன்னு கேட்டா சொல்லும். என் பையன் அந்த ஸ்டேல்மேட்டை பத்தி ரெண்டு மாசம் கழிச்சு தானா சொன்னான், டைம் அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு, பின்னால யாரோ நின்னு பார்த்துட்டு இருந்தாங்க, அவங்க போகட்டும்னு வேகமா ஆடிட்டேன்னு. இது எந்த என்ஜின்லயும் வராது.

ரேட்டிங்கை பத்தி நாம படுற பாடும் கொஞ்சம் ஓவர்தான். இந்த வயசுல ‘கே’, அதாவது ரேட்டிங் எவ்ளோ வேகமா மாறும்ங்கிற கணக்கு, 40. சம ரேட்டிங் இருக்கிற பிள்ளைகிட்ட தோத்தா 20 பாயிண்ட் போகும், அடுத்த வாரம் அதே மாதிரி ஒருத்தரை ஜெயிச்சா 20 வரும். வேகமா ஏறணும் இறங்கணும்னுதான் சின்னப் பிள்ளைங்களுக்கு அப்படி வச்சிருக்காங்க, அதை பார்த்து நாம பிரஷர் மாத்திரை போடுறோம்.

சாம்பியன் ஆனா தோல்வி நின்னுடும்னும் நெனக்காதீங்க. உலக சாம்பியன் ஆன மறு வருஷம் 2025 செப்டம்பர்ல உஸ்பெகிஸ்தான் சமர்கண்ட்ல நடந்த கிராண்ட் ஸ்விஸ் டோர்னமெண்ட்ல குகேஷ் வரிசையா 3 கேம் தோத்தான். அதே ஊர்ல அதே நேரத்துல பெண்கள் பிரிவை நம்ம வைஷாலி ஜெயிச்சாங்க, அவங்க அதுக்கு சில வாரம் முன்னாடிதான் சென்னை டோர்னமெண்ட்ல வரிசையா 7 கேம் தோத்திருந்தாங்க. ஏழு! நம்ம பிள்ளைங்க வரிசையா ரெண்டு தோத்தாலே செஸ்ஸை நிறுத்திட்டு டியூஷன் சேத்துடலாமான்னு வீட்ல பேச்சு வந்துடுது. ஆனந்த் 2013ல சொந்த ஊர்ல, நம்ம சென்னைல, எல்லாரும் பார்க்க கார்ல்சன்கிட்ட பட்டத்தை விட்டார், ஒரு கேம் கூட ஜெயிக்க முடியல. 43 வயசு, இனி அவ்ளோதான்னாங்க. நாலு மாசத்துல ரஷ்யால காண்டி-மான்சிஸ்க்ங்கிற ஊர்ல கேண்டிடேட்ஸ்ல ஒரு கேம் கூட தோக்காம ஒரு ரவுண்டு மிச்சம் வச்சு ஜெயிச்சார். அந்த 2013 மேட்ச்சை, ஆடுறவங்களை சுத்தி இருந்த கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்த 7 வயசுப் பையன்ல ஒருத்தன்தான் குகேஷ். அவன் அங்க பார்த்தது தன்னோட ஹீரோ தோக்கிறதைத்தான், இருந்தும் ஒரு நாள் அந்தக் கண்ணாடிக்கு உள்ள நான் உக்காரணும்னு ஆசைப்பட்டான்.

நம்ம பிள்ளைங்க எல்லாம் குகேஷ் ஆகப்போறதில்ல, எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். என் பையன் 1500 ரேட்டிங்கோட நின்னாலும் நிக்கலாம். ஆனா அந்த 4வது ரவுண்டு ஸ்டேல்மேட் அவனுக்கு சொந்தமா இருக்கணும்.

இப்போ நான் பண்றது இவ்ளோதான். வாசல்ல நிக்கிறதில்ல, கொஞ்சம் தள்ளி மரத்தடியிலயோ கேண்டீன்லயோ உக்காந்துக்கிறேன், அவன் வந்து தேடட்டும், நடந்து வர்ற அந்த ரெண்டு நிமிஷம் அவனுக்கு தேவை. ரிசல்ட் கேக்கிறதில்ல, அவனா சொன்னா கேட்டுக்கிறேன். ஸ்கோர்ஷீட் அவன் பேக்லயே இருக்கும். சில நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிச்சு தானா போர்டை எடுத்து வச்சு, "அம்மா இங்க வாயேன், இந்த இடத்துல ஒரு மூவ் இருந்துச்சு"ன்னு கூப்பிடுவான், எனக்கு பாதி புரியாது, உக்காந்து பார்ப்பேன். சில நாள் எடுக்கவே மாட்டான், கிரிக்கெட் ஆட ஓடிடுவான். முன்ன மாதிரி 12 மூவ்ல டிரா கேக்கிறதில்ல. தோக்கிறது கொஞ்சம் கூடியிருக்கு, ஜெயிக்கிறதும் கூடியிருக்கு.

வர்ற ஞாயித்துக்கிழமை மண்டபத்துல பார்ப்போம். மொத ரவுண்டு முடிஞ்சு கதவு திறக்கும்போது உங்க பிள்ளை உங்களை தேடும். தண்ணி பாட்டிலை நீட்டுங்க, புளிசாதம் இருக்கு சாப்பிடுறியான்னு கேளுங்க. மத்ததை அவங்க சொல்லட்டும்.

அன்போட,
உங்களை மாதிரியே காத்திருக்கிற ஒரு அம்மா